மருந்தை வெளியே தள்ளும் பம்ப்: ஒரு செடியும் ஒரு சுரப்பிக் கட்டியும்

ஏதோ ஒரு செடியின் சாறு பாக்டீரியாவைக் கொன்றது என்று சொல்லும் ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. வேர், பட்டை, இலை என எதை அரைத்து வடித்தாலும் ஆய்வுத் தட்டில் ஏதாவது ஒரு கிருமி வளராமல் நின்றுவிடும். ஆனால் மருத்துவர்கள் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்குகளைப் பாருங்கள். பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், எரித்ரோமைசின் எல்லாம் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் தந்தவை. சிப்ரோஃப்ளாக்சசின் ஆய்வகத்தில் பிறந்தது. செடிகளுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லாத மாதிரிதான். குயினினும் ஆர்ட்டிமிசினினும் செடி தந்தவை என்பது சரி. அவை கொல்வது மலேரியா ஒட்டுண்ணியை, பாக்டீரியாவை அல்ல.

காரணம் அளவில் இருக்கிறது. நல்ல ஆன்டிபயாடிக் ஒன்று ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம், சில சமயம் அதிலும் குறைவாக இருந்தாலே கிருமியை நிறுத்திவிடும். செடியின் வேதிப்பொருள்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 1000 மைக்ரோகிராம் வரை தேவைப்படுகிறது. அவ்வளவை மனித ரத்தத்தில் ஏற்றினால் கிருமிக்கு முன்னால் நோயாளி படுத்துவிடுவார். செய்தித் தலைப்புகள் இந்த எண்ணை மட்டும் வசதியாக விட்டுவிடுகின்றன.

அப்படியானால் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன? அவற்றுக்கு ரத்த வெள்ளையணுக்கள் கிடையாது, ஆன்டிபாடிகள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள வேதிப்பொருளை வைத்தே கிருமியைச் சமாளிக்க வேண்டும். இவ்வளவு பலவீனமான ஆயுதத்தை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை எப்படித் தாக்குப்பிடித்தன?

இதற்கு ஒரு நல்ல பதில் 2000-இல் வந்தது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸும், அப்போது டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கிம் லூயிஸும் சேர்ந்து பெர்பெரிஸ் இனச் செடிகளை ஆராய்ந்தார்கள். இந்தச் செடிகளில் பெர்பெரின் என்ற மஞ்சள் நிற அல்கலாய்டு இருக்கிறது. மரமஞ்சளின் நிறத்துக்கும் இதுதான் காரணம். பெர்பெரின் மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் உண்டு; பாக்டீரியா செல்லின் உட்புறமோ எதிர்மின் தன்மை கொண்டது. எனவே பெர்பெரின் தானாகவே உள்ளே இழுக்கப்பட்டு, டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. காகிதத்தில் பார்த்தால் அருமையான மருந்து. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவிடம் அது மண்டியிட்டது. அந்த பாக்டீரியாவின் சவ்வில் நார்-ஏ என்றொரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. வேலை ஒன்றுதான்: உள்ளே வந்த அந்நிய மூலக்கூறைப் பிடித்து வெளியே தள்ளுவது. ஓட்டைப் படகில் நீர் புகும் வேகத்துக்கு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தால் படகு மூழ்காது இல்லையா, அதே கதை.

நார்-ஏ பெர்பெரினுக்கென்றே செய்யப்பட்டதல்ல. கொழுப்பில் கரையும் பகுதியும் நேர்மின்னூட்டமும் கொண்ட மூலக்கூறுகள் பலவற்றை அது பிடித்துத் தள்ளும். சிப்ரோஃப்ளாக்சசினைக்கூட விடாது.

சுவாரசியம் இனிமேல்தான். அதே செடிகளில் மெத்தாக்ஸி ஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளும் இருந்தது. தனியாகக் கொடுத்தால் அது எந்தக் கிருமியையும் கொல்லவில்லை. வழக்கமான சோதனையில் உதவாத பொருள் என்று குப்பைக்குப் போயிருக்கும். பெர்பெரினோடு சேர்த்துக் கொடுத்தபோது அது நார்-ஏ பம்ப்பை அடைத்தது. பெர்பெரின் செல்லுக்குள் குவிந்தது, பாக்டீரியா வளர்ச்சி நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து லூயிஸின் குழு வேறு செடிப் பொருள்களிலும் இதைச் சோதித்தது. ருபார்ப் செடியின் ரெயின் என்ற பொருளின் வீரியம், பம்ப்புகளை முடக்கியதும், பாக்டீரியாவைப் பொறுத்து 100 முதல் 2000 மடங்கு வரை கூடியது. செடியின் ஆயுதம் பலவீனமானது என்று இத்தனை நாள் நினைத்தது, அதைத் தனியாகப் பிரித்தெடுத்து அளந்ததால் வந்த வினை.

இப்போது கிருமிகளை விட்டுவிட்டு மனித உடலுக்குள் வருவோம். இதே தலைவலி அங்கேயும் இருக்கிறது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்து கிராம்கூடத் தேறாது. அவற்றின் வெளிப்பகுதியான புறணிதான் கொலஸ்ட்ராலிலிருந்து கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோன், ஆண்பால் ஹார்மோன்கள் ஆகியவற்றைச் செய்கிறது. இந்தப் புறணியில் வரும் புற்றுநோய் மிக அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரலாம். பாதிக்கும் மேற்பட்ட கட்டிகள் பழைய தொழிலை மறப்பதில்லை, ஹார்மோனைக் கட்டுப்பாடின்றிக் கொட்டிக்கொண்டே இருக்கும். கார்ட்டிசால் மிகுந்தால் முகம் உருண்டையாகும், தொடையிலும் தோளிலும் தசை வலுவிழக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ஆண்பால் ஹார்மோன் மிகுந்தால் பெண்களுக்கு முகத்தில் முடி வளரும், குரல் கனக்கும்.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்து முழுதாக வெட்டி எடுத்தால் நல்லது. பரவிவிட்டால் கீமோதெரபி. ஆனால் இந்தக் கட்டி பல மருந்துகளுக்கு மசியாது. ஒரு காரணம், அதன் தாய்த் திசுவிலேயே ஒரு பம்ப் ஏராளமாக இருப்பது. பெயர் பி-கிளைக்கோபுரோட்டீன்.

இந்தப் பம்ப் அகப்பட்டதும் ஒரு செடி நஞ்சின் புண்ணியத்தில்தான். 1976-இல் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கோல்ச்சிசினுக்கு அசராத வெள்ளெலிச் செல்களை ஆராய்ந்தபோது, அவற்றின் சவ்வில் இந்தப் புரதம் மிகுந்திருந்ததைப் பார்த்தார்கள். கோல்ச்சிசின் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சு. நார்-ஏ ஹைட்ரஜன் அயனிகளின் விசையில் ஓடுகிறது. பி-கிளைக்கோபுரோட்டீன் செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து ஓடுகிறது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள், சொந்தபந்தம் கிடையாது. செய்யும் வேலை மட்டும் ஏறக்குறைய ஒன்று. மூலக்கூறு கொழுப்புச் சவ்வைக் கடந்துகொண்டிருக்கும்போதே பிடித்து வெளியே எறிந்துவிடுவதில் மனிதப் பம்ப் கெட்டிக்காரத்தனம் மிக்கது.

அது எறியும் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின், யூ மரத்தின் பாக்லிடாக்சல், மேஆப்பிள் செடியின் நஞ்சிலிருந்து செய்த எட்டோபோசைட், மண் பாக்டீரியா தந்த டாக்சோரூபிசின். எல்லாமே இயற்கை நஞ்சு அல்லது அதன் வாரிசு. பிளாட்டினம் கலந்த சிஸ்பிளாட்டினை இந்தப் பம்ப் கண்டுகொள்வதில்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் ரத்தத் தடுப்பு என உணவும் நஞ்சும் கடந்துபோகும் வாசல்களில் இந்தப் பம்ப் நிற்பது புரிகிறது. அட்ரீனல் புறணியில் ஏன்? கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டீரோனும் அது தள்ளக்கூடிய மூலக்கூறுகளே. நாள் முழுக்க இந்த ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்யும் செல், தன் சவ்வுகள் அதில் மூழ்கிவிடாமல் இருக்க இதை வைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

சரி, பெர்பெரிஸ் செடி செய்ததை நாமும் செய்யலாமே? பம்ப்பை அடைத்துவிட்டு மருந்தைக் கொடுத்தால் என்ன? முயன்றிருக்கிறார்கள். 1981-இலேயே வெராபமில் என்ற இதய மருந்து ஆய்வகத்தில் வின்கிரிஸ்டின் எதிர்ப்பை உடைத்தது. நோயாளிகளுக்கு அவ்வளவு கொடுத்தால் இதயம் தாங்காது. அடுத்து வந்த வால்ஸ்போடார் பம்ப்பை நன்றாகவே அடைத்தது, கூடவே கீமோ மருந்தைக் கல்லீரல் சிதைப்பதையும் தடுத்ததால் ரத்தத்தில் அதன் அளவு எகிறியது. இங்கேதான் செடிக்கும் நமக்கும் வித்தியாசம். நார்-ஏ பாக்டீரியாவிடம் மட்டுமே இருக்கிறது. பி-கிளைக்கோபுரோட்டீன் கட்டியிலும் இருக்கிறது, நம்மைக் காக்கும் வாசல்களிலும் இருக்கிறது. இதை எதிர்த்திசையிலும் பார்க்கலாம்: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை எடுத்தால் குடலில் இந்தப் பம்ப் பெருகி, டிஜாக்சின் என்ற இதய மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. கீமோ எடுப்பவரிடம் மூலிகைச் சாறு குடிக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்பது சும்மா இல்லை.

அட்ரீனல் புறணிப் புற்றுக்கென்றே உள்ள மருந்து மைட்டோடேன். அதன் பூர்வீகம் டிடிடி பூச்சிக்கொல்லியின் குடும்பம். 1949-இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளைக் கொடுத்த நாய்களின் அட்ரீனல் புறணி சுருங்கிப்போனதைக் கண்டார்கள், அதிலிருந்து பிறந்தது. கொலஸ்ட்ராலைப் பத்திரமாகச் சேமிக்கும் ஒரு நொதியை அது முடக்குவதால், செல்லுக்குள் கொலஸ்ட்ரால் கட்டின்றித் தேங்கி செல்லை நசுக்குகிறது. நல்ல புறணியையும் அழித்துவிடும், ஆகவே நோயாளி கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். கொழுப்பில் போய்ப் பதுங்குவதால் ரத்தத்தில் லிட்டருக்கு 14 முதல் 20 மில்லிகிராம் என்ற இலக்கை எட்டவே மாதக்கணக்காகும். ஆய்வகத்தில் இது பி-கிளைக்கோபுரோட்டீனையும் தடுக்கிறது. அந்த நம்பிக்கையில் மற்ற மருந்துகளோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

2012-இல் வெளியான 304 பேர் கொண்ட ஆய்வில், மைட்டோடேனோடு எட்டோபோசைட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களில் 23.2 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. மைட்டோடேனோடு ஸ்ட்ரெப்டோசோசின் எடுத்தவர்களில் அது 9.2 சதவீதம். ஆனால் மொத்த ஆயுளில் 14.8 மாதம், 12 மாதம் என்ற வித்தியாசம் புள்ளியியல் அளவில் நிற்கவில்லை. பம்ப் மட்டுமே எதிரி அல்ல என்பதும் இதில் தெரிகிறது.

கிருமிகளின் பக்கம் வேறொரு வழியைத் தேடினார்கள். பம்ப் அடைப்பானையும் மருந்தையும் தனித்தனியாகக் கொடுத்தால், ஒன்று ஓர் உறுப்புக்கும் மற்றொன்று வேறோர் உறுப்புக்கும் வேறு வேறு வேகத்தில் போய்ச் சேரும். எனவே 2006-இல் வேதியியலாளர்கள் பெர்பெரினையும், நார்-ஏவை அடைக்கும் ஒரு செயற்கைப் பொருளையும் ஒரே மூலக்கூறாகக் கோத்தார்கள். அது செல்லுக்குள் குவிந்தது. என்டெரோகாக்கஸ் தொற்றிய சிறு உருளைப்புழுக்கள் அதைக் கொடுத்ததும் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. புழுவிலிருந்து மருந்துக் கடைக்கு வரும் பாதை இன்னும் நீளம். பம்ப் அடைப்பான் சேர்த்த ஆன்டிபயாடிக் எதுவும் இன்றுவரை மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை.