சர்க்கரை மீட்டர் ஏன் இழுப்பறைக்குள்ளேயே கிடக்கிறது?

வியாழக்கிழமை கிளினிக் என்றால் செவ்வாயே சோறு பாதியாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பக்கம் சர்க்கரை உள்ள வீடுகளில் இது புதிதில்லை. வெறும் வயிற்றில் விரல் நுனி ரத்தம் 6.8 மில்லிமோல் (சுமார் 122 மி.கி.) காட்டும். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று நோயாளி நிம்மதியாகக் கிளம்புவார். பின்னாலேயே ஹெச்பிஏ1சி 9 சதவீதம் என்று வரும். முன்னது அந்த நேரத்து அளவு, பின்னது இரண்டு மூன்று மாதச் சராசரி. இரண்டு நாள் பத்தியம் அதனிடம் எடுபடாது.

இவர் டாக்டரை ஏமாற்ற நினைக்கவே இல்லை. 1984இல் குவாட்ரோன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களைக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். பிறகு, உடற்பயிற்சிக்குப் பின் கூடுதல் நேரம் குளிரைத் தாங்குவது நல்ல இதயத்தின் அடையாளம் என்று சிலரிடமும், குறைவாகத் தாங்குவதே அடையாளம் என்று மற்றவர்களிடமும் சொன்னார்கள். மறுமுறை அவரவர் நேரம் சாதகமான பக்கம் நகர்ந்தது. வேண்டுமென்றே செய்தீர்களா என்றால், பெரும்பாலோர் இல்லை என்றார்கள். எப்போது அளப்பது, எங்கே நிறுத்துவது என்ற சின்னத் தேர்வுகளிலேயே மனம் காரியத்தை முடித்துக்கொள்கிறது.

பழைய காயம் இந்தப் பழக்கத்தை இறுக்குகிறது. சோறு போடும் கையே அடிக்கும்போது, குழந்தையால் அந்தக் கையை விட்டு ஓட முடியாது. நடந்ததைக் காணாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி. இதைத் துரோகக் காயம் என்று விளக்கியவர் உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட். ஊருக்கும் இது பொருந்தலாம். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வர்த் வந்த குடும்பத்தில், ‘தகர வீடு போய்க் கல்வீடு வந்தது, நல்லதுதான்’ என்று ஒரு பாட்டி சொன்னால் அதைப் பொய் என்று தள்ளுவது அவசரம். கல்வீடு உண்மைதான். மாற்ற வழியில்லாத ஒன்றோடு வாழ, மனம் தன் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளும் என்பது உளவியலாளர் ஃபெஸ்டிங்கரின் 1957ஆம் ஆண்டு மன முரண்பாட்டுக் கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது.

சிக்கல் பிறகுதான். பயம் தரும் ஒன்றைப் பார்க்காமல் விட்டால் படபடப்பு உடனே தணிகிறது. அந்தத் தணிவே பரிசாகி, மறுமுறையும் விலக வைக்கிறது. பார்த்தாலும் தாங்க முடியும் என்பதை அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆபத்து போய்ப் பல வருடமானாலும் இழுப்பறை திறக்காது.

‘நீங்களே உங்களை ஏமாத்திக்கிறீங்க’ என்று மடக்கினால் பயம் கூடி, மீட்டர் இன்னும் உள்ளே போகும். கொடுமை நடந்த கையோடு ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வதும் உதவுவதில்லை. பழைய காயத்துக்கு, பயிற்சி பெற்றவரிடம் அதையே மையமாக வைத்த சிகிச்சை வேண்டும். வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள்.

சர்க்கரைக்கு வழி எளிது. அளக்கும் நேரங்களை முன்கூட்டியே தாளில் எழுதிவிடுங்கள்: மூன்று நாள், காலை வெறும் வயிற்றிலும், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பனி சௌ தின்னும் நாள் அதில் ஒன்றாக இருக்கட்டும். எண்ணை எழுதிய பிறகுதான் காரணம் பேச வேண்டும். முதல் வாரம் யாரும் அந்த எண்ணைக் குறைக்கச் சொல்லக் கூடாது.