இழுக்காத சங்கிலிக்கு ‘இழுவை’ எதற்கு?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் டிராக்டர் கொட்டகையில் புதிதாக அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறார்கள். டிராக்டரின் கொக்கியில் டிரெய்லரை மாட்டும்போது, கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளக் கூடவே கட்டும் சங்கிலியைப் பற்றியது. மலாயில் ‘ரந்தாய் கெசெலாமாத்தான்’ (பாதுகாப்புச் சங்கிலி) என்று சரியாகத்தான் இருக்கிறது. கீழே தமிழில் ‘இழுவைச் சங்கிலி’. இதே சொல்லை ஒரு பயிற்சித் தாளில் பார்த்தேன், லோரி ஓட்டும் தம்பி ஒருவர் வாயிலும் கேட்டுவிட்டேன். இனி எழுதாமல் முடியாது.

சங்கிலி, வடமொழிச் ‘சிருங்கலா’ பிராகிருதம் வழியாக வந்தது. பழந்தமிழில் ‘தொடர்’. புறநானூறு 74-இல் ‘தொடர்ப்படு ஞமலி’ என்பது சங்கிலியில் கட்டிய நாய். அதை மீட்கலாமே என்பார்கள். சரி, ‘பாதுகாப்புத் தொடர்’ என்று எழுதிப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு டிவியில் வருவது என்று நினைப்பார்கள்.

என் சண்டை ‘இழுவை’யோடு. இழுக்கிற வேலை கொக்கியுடையது. கொக்கி கழன்றால், அல்லது அதன் இணைப்பு ஆணி உடைந்தால்தான் இந்தச் சங்கிலிக்கு வேலை. அதுவரை அது தொய்வாகத் தொங்க வேண்டும்: வளைவில் திரும்பும்போது இறுகக் கூடாது, தரையிலும் உரசக் கூடாது. இரண்டு சங்கிலி இருந்தால் டிரெய்லரின் முன்கம்புக்கு அடியில் குறுக்காகப் போடுவார்கள். கம்பு விழுந்தாலும் ரோட்டைக் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும். ‘இழுவை’ என்று படித்த பையன் என்ன செய்வான்? விறைப்பாக இழுத்துக் கட்டுவான். கட்டியும் இருந்தான், பார்த்தேன். குலை ஏற்றிய வண்டி சேற்றில் புதைந்தால் இன்னொரு டிராக்டரில் மாட்டி இழுக்கிறோமே, அதுதான் இழுவைச் சங்கிலி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர் கொட்டகைக்கு வந்து ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். அகராதியில் கிரீஸ் ஒட்டுவதில்லை.

‘பாதுகாப்புச் சங்கிலி’ தப்பில்லை. ஆனால் இங்கே அது, ராத்திரி ஜாகா (காவலாளி) கேட்டில் சுற்றிப் பூட்டுவதையும் குறிக்கும். ‘காப்புச் சங்கிலி’ நகைக்கடைக்குப் போய்விடும்.

நான் ‘துணைச் சங்கிலி’ என்பேன். கொக்கிக்குத் துணையாகக் கூடவே வருகிறது, அது கைவிட்டால் பிடிக்கிறது. ஆஸ்திரேலிய விதியை இதில் சொல்லிப் பார்த்தேன்: ‘மொத்த எடை 2.5 டன்னைத் தாண்டும் காரவனுக்கு இரண்டு துணைச் சங்கிலி வேண்டும்.’ எங்கும் இடறவில்லை.

அப்புறம், அதே பலகையில் டிரெய்லருக்குத் ‘தொடர்வண்டி’ என்று போட்டிருக்கிறார்கள். அது ரயில். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.