லேப்டாப் ஆன் ஆகலையா? ஹார்ட் ரீசெட் வேற, ஃபேக்டரி ரீசெட் வேற

போன மாசம் மேலூர் பக்கம் இருந்து ஒரு காலேஜ் பொண்ணும் அவங்க அப்பாவும் கடைக்கு வந்தாங்க. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் லேப்டாப் நல்லா ஓடிருக்கு, மூடி வச்சுட்டு தூங்கிருக்கு, காலைல தொறந்து பவர் பட்டனை எத்தனை தடவை அமுக்குனாலும் ஒரு லைட்டு கூட வரல. ஏற்கனவே ஒரு எடத்துல காட்டி, மதர்போர்டு போயிருச்சு 14,000 ஆகும்னு சொல்லிட்டாங்களாம். நான் சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனை 40 செகண்ட் விடாம அமுக்கிப் பிடிச்சேன், திரும்ப சார்ஜரைச் சொருகி ஒரு அமுக்கு, ஃபேன் சுத்திருச்சு, லோகோ வந்துருச்சு. "அவ்வளவுதானாண்ணே?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அவ்வளவுதான், இதைத்தான் ஹார்ட் ரீசெட்னு சொல்றது. இதுக்கு காசு வாங்க எனக்கு மனசு வரல.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க. போர்டுல ஒரு சின்ன சிப் இருக்கு, எங்க தொழில்ல ஐஓ சிப்னு சொல்லுவோம், பவர் பட்டன், கீபோர்டு, சார்ஜிங், ஃபேன் எல்லாம் அது பாத்துக்கற வேலை. நீங்க ஷட் டவுன் பண்ணாலும் அது தூங்காது, பேட்டரியிலயோ சார்ஜர்லயோ கரண்ட் இருக்கற வரைக்கும் முழிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க பட்டனை அமுக்குறதே அதுக்குத்தான் போய்ச் சேருது. கரண்ட் போய் போய் வர்றது, தூங்கிட்டு இருக்கறப்ப பேட்டரி மொத்தமா தீந்துர்றது, இப்படி ஏதோ ஒண்ணுல அந்த சிப் சிக்கி நின்னுருச்சுன்னா பட்டனுக்கு பதில் சொல்ல ஆளே இல்ல. முன்னாடியெல்லாம் அடியில லாக்கைத் தள்ளி பேட்டரியைக் கழட்டி மாட்டுனா போதும், 2011ல அரசாங்கம் லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்போ வந்ததெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு, இப்ப பேட்டரி உள்ளயே ஸ்குரூ போட்டு இருக்கறதால அந்த வழி இல்ல, அதனாலதான் பட்டனை ரொம்ப நேரம் பிடிக்கச் சொல்றோம்.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, 4, 5 செகண்ட் பிடிச்சுட்டு விட்டுர்றாங்க. அது ஓடிட்டு இருக்கற மெஷினை வலுக்கட்டாயமா ஆஃப் பண்றது மட்டும்தான், ஐஓ சிப் அசையாது. சார்ஜரைக் கழட்டுங்க, பென்டிரைவ், மவுஸ் டாங்கிள், மெமரி கார்டு, எச்டிஎம்ஐ வயர் எல்லாத்தையும் உருவிருங்க (ஷார்ட் ஆன ஒரு பென்டிரைவ் மொத்த லேப்டாப்பையும் எந்திரிக்க விடாம பண்ணி பாத்திருக்கேன்), அப்புறம் கம்பெனியைப் பொறுத்து 15 செகண்ட்ல இருந்து 40 செகண்ட் வரைக்கும் பிடிக்கணும், ஆசுஸ்ல 40னே சொல்றாங்க, எந்த கம்பெனின்னு யோசிக்காம 40 எண்ணிருங்க. திங்க்பேட் நிறைய மாடல்லயும் ஏசர் சில மாடல்லயும் அடியில ஊசி போற அளவு ஒரு ஓட்டை இருக்கும், பக்கத்துல பேட்டரி மாதிரியோ ரீசெட் மாதிரியோ குறி இருந்தா, சார்ஜர் இல்லாம, பேப்பர் கிளிப்பை நிமித்தி உள்ள விட்டு கொஞ்ச நேரம் அமுக்குனா அதே வேலைதான். மைக் ஓட்டையில விட்டுறாதீங்க. 2020 கடைசில இருந்து வந்த ஆப்பிள் சிப் மேக்புக்ல இதுக்குன்னு தனி கீ காம்பினேஷன் கிடையாது, பவர் பட்டனை 10 செகண்ட் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ணா போதும்.

ஆன் பண்ணதும் ஸ்கிரீன் கருப்பா இருந்தா பதறாதீங்க, புது மெஷின்கள் ரேமை முதல்ல இருந்து பழகிக்க ரெண்டு மூணு நிமிஷம் கூட எடுத்துக்கும். தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தா சரி பண்ணிருங்க, இல்லன்னா எந்த வெப்சைட்டும் பாதுகாப்பு இல்லன்னு சொல்லி தொறக்காது.

ஆனா பட்டன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, மெஷின் நிஜமாவே நின்னுருச்சா இல்ல ஸ்கிரீன் மட்டும் போயிருச்சா. கேப்ஸ் லாக் தட்டுனா லைட் மாறுதுன்னா உள்ள உயிர் இருக்கு. அப்ப விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேத்து அமுக்குங்க, டிஸ்பிளே டிரைவர் மட்டும் திரும்ப ஸ்டார்ட் ஆகும், சேவ் பண்ணாம வச்சிருந்த வேலை அப்படியே கெடைச்சுரும். "அப்டேட் நடக்குது ஆஃப் பண்ணாதீங்க"ன்னு ஸ்கிரீன்ல இருக்கும்போது, அதுவும் பயாஸ் (மெஷினை எழுப்பி விடுற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட்டா இருந்தா, ஒரு மணி நேரம் ஆனாலும் தொடாதீங்க, பாதில நிறுத்துனா அப்பத்தான் நிஜமாவே போர்டு வேலை வரும்.

இப்ப நான் இதை எழுதுறதுக்கே காரணமான விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தம்பி வந்தாப்ல, லேப்டாப் லோகோல நின்னு நின்னு போயிருக்கு, ஃப்ரெண்டு போன்ல "ரீசெட் பண்ணுடா"ன்னு சொல்லிருக்கான், அவன் சொன்னது ஹார்ட் ரீசெட். இவரு பட்டனைப் பிடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, பாதிலயே திரும்ப ஆஃப் பண்ணி, இப்படியே மூணு தடவை பண்ணதும் விண்டோஸ் தானாவே நீலக் கலர் ரிப்பேர் ஸ்கிரீனைக் கொண்டு வந்துருச்சு. அதுல "ரீசெட் திஸ் பிசி"ன்னு இருக்கும், அந்த ரீசெட் வார்த்தையைப் பாத்ததும் இதுதான்னு நெனச்சு தொட்டு, அடுத்து வந்த "ரிமூவ் எவ்ரிதிங்"கையும் தொட்டுட்டாரு. மூணு வருஷ ப்ராஜெக்ட் போச்சு, இறந்துபோன அவரோட அம்மா போட்டோ எல்லாம் அந்த லேப்டாப்ல மட்டும்தான் இருந்துச்சு. பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா ஏதாவது தேத்தியிருப்பேன், எஸ்எஸ்டில (இப்ப வர்ற சிப் டிஸ்க்) அழிச்ச எடத்தை அதுவே துடைச்சு சுத்தம் பண்ணி வச்சுரும், மூணு நாள் மல்லுக்கட்டியும் ஒரு போட்டோ கூட எடுத்துக் குடுக்க முடியல. அந்தத் தம்பி கடை வாசல்ல உக்காந்து அழுதது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

அதனால நல்லா மனசுல வச்சுக்கங்க, பட்டனைப் பிடிச்சு பண்றது சேவ் பண்ணி வச்ச எந்த ஃபைலையும் அழிக்காது, ஸ்கிரீன்ல மெனுவுல வர்ற ரீசெட், அதாவது ஃபேக்டரி ரீசெட்தான் அழிக்கும். அந்த நீல ஸ்கிரீன் வந்தா முதல்ல "கன்டினியூ", அது ஆகலன்னா "ஸ்டார்ட்டப் ரிப்பேர்", அதோட நிறுத்திட்டு எடுத்துட்டு வாங்க, டிஸ்க்கைக் கழட்டி டேட்டாவை காப்பி பண்ணிட்டு அப்புறம் என்ன வேணா பண்ணிக்கலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் பூட்டு) 48 நம்பர் கீ கேட்டா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பாருங்க, பெரும்பாலும் அங்க சேவ் ஆகிருக்கும், லேப்டாப் நல்லா இருக்கும்போதே அதை ஒரு பேப்பர்ல எழுதி வீட்டு பீரோல வச்சுட்டா இன்னும் நல்லது, ஏன்னா அந்தக் கீ இல்லாம எங்களாலயும் தொறக்க முடியாது.

ரெண்டு சமயத்துல ஆன் பண்றதுக்குன்னு பட்டனைத் தொடவே கூடாது. தண்ணியோ டீயோ கொட்டிருந்தா சார்ஜரை உருவிட்டு, ஓடிட்டு இருந்தா உடனே ஆஃப் பண்ணி, கவுத்துப் போட்டு அப்படியே கொண்டு வாங்க, ஆன் ஆகுதான்னு ஒரு தடவை பாக்குறதுதான் போர்டைக் கருக்குது, அரிசிக்குள்ள வைக்கிறதால பிரயோஜனம் இல்ல. டச்பேட் மேல தூக்கிட்டு நின்னாலோ, கீழ் மூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பிருச்சுன்னு அர்த்தம், அதை அமுக்கி மூடவோ சார்ஜ் போடவோ வேண்டாம், கட்டில் மெத்தை மேல வைக்காம தரையில தனியா வச்சுட்டு கடைக்கு போன் பண்ணுங்க.

40 செகண்ட் பிடிச்சும் எந்திரிக்கலையா, இன்னொரு தடவை பிடிங்க, ஒரிஜினல் சார்ஜரை வேற பிளக்ல அரை மணி நேரம் போட்டுட்டு பாருங்க. அதுக்கப்புறமும் லைட் மட்டும் சிமிட்டுச்சுன்னா அதை போன்ல வீடியோ எடுத்து வைங்க, எத்தனை தடவை சிமிட்டுதுன்றதுல ரேமா போர்டான்னு எங்களுக்குத் தெரிஞ்சுரும். ரேமைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேய்ச்சு மாட்டுனதுலயே சரியாகிப் போனது நிறைய இருக்கு, அதனால கடைக்காரர் போர்டு போச்சுன்னு சொன்னா "ஹார்ட் ரீசெட் பண்ணிப் பாத்தீங்களா, ரேம் மாத்திப் பாத்தீங்களா"ன்னு தயங்காம கேளுங்க.