கடையில் இழுத்துப் பார்த்து ரெகுலேட்டர் வாங்காதீர்கள்

போன வாரம் என் மேசைக்கு வந்த ஒரு ரெகுலேட்டர் செட்டைப் பார்த்த பிறகு, இனியும் எழுதாமல் இருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். இதே கதையோடு இந்த ஆண்டில் வரும் நான்காவது செட் இது. ஸ்கூபா டைவிங் கற்றுத்தருவதும், சிலிண்டர் காற்றை அழுத்தம் குறைத்து டைவரின் வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை சர்வீஸ் செய்வதும் என் தொழில்.

கொண்டுவந்தவர் டைவிங் கற்று ஓராண்டுதான் ஆகிறது. 28 மீட்டர் ஆழத்தில் அவருடைய கூட்டாளிக்குக் காற்று தீர்ந்துவிட்டது. கூட்டாளி சைகை காட்டினார், இவர் ஆக்டோபஸை, அதாவது அவசரத்தில் கூட்டாளிக்குக் கொடுப்பதற்காகத் தொங்கும் இரண்டாவது வாய்க்கருவியை, எடுத்து நீட்டினார். அதுவரை எல்லாம் கற்றுக்கொடுத்தபடியேதான் நடந்தது. இவருடைய சிலிண்டரில் அப்போது 60 பார் அழுத்தத்தில் காற்று மிச்சம் இருந்தது. ஆனால் இரண்டு மூச்சு இழுத்ததுமே கூட்டாளி ஆக்டோபஸைத் துப்பிவிட்டு, இவர் வாயில் இருந்ததைப் பிடுங்கிவிட்டார். அதிலும் காற்று போதவில்லை. இருவரும் எங்கேயும் நிற்காமல் மேலே ஏறி வந்துவிட்டார்கள். நல்லவேளை, இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செட்டைப் பிரித்துப் பார்த்தேன். எதுவும் உடைந்திருக்கவில்லை, அடைத்திருக்கவில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது சிலிண்டரில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி, பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் வகை; அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அதில் மாட்டியிருந்த ஆக்டோபஸ் வேறு கம்பெனியுடையது, இருப்பதிலேயே மலிவானது. சும்மா தொங்கும்போது காற்று கசியக் கூடாது என்று அதன் ஸ்பிரிங்கை யாரோ நன்றாக இறுக்கியும் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: "வாங்கும்போது நல்லா இழுத்துப் பார்த்துத்தான் சார் வாங்கினேன். அவ்வளவு லேசா வந்துச்சு."

இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! இந்த ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட்டால் என் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் உட்கார்ந்து நீங்கள் இழுத்துப் பார்க்கும்போது என்ன நடக்கிறது? சிலிண்டர் நிரம்பியிருக்கிறது, 200 பார். உங்களைச் சுற்றி இருப்பது 1 பார் அழுத்தம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 8, 10 லிட்டர் காற்றுக்கு மேல் இழுப்பதில்லை. இந்த நிலையில் எந்த ரெகுலேட்டரும் லேசாகத்தான் இருக்கும். மிக மட்டமானதும் லேசாகத்தான் இருக்கும். நீங்கள் அங்கே உணர்வது செகண்ட் ஸ்டேஜில், அதாவது வாயில் வைக்கும் பகுதியில், உள்ள வால்வு திறப்பதற்குத் தேவையான சின்ன உறிஞ்சலை மட்டும்தான். ஒரு குழாயில் தண்ணீரை உறிஞ்சி ஏற்றும் உயரமாகச் சொன்னால் வெறும் 2.5 முதல் 4 சென்டிமீட்டர். ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி அதை இன்னும் லேசாக்கிவிட என்னால் முடியும். கடைக்காரராலும் முடியும். வால்வு எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்பதும், திறந்த பிறகு எவ்வளவு காற்று வருகிறது என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். கடையில் தெரிவது முதலாவது. உங்களைக் காப்பாற்றப்போவது இரண்டாவது.

இப்போது அந்த 28 மீட்டரை 30 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அங்கே அழுத்தம் 4 பார். காற்றின் அடர்த்தியும் நான்கு மடங்கு. நுரையீரலை அதே அளவு நிரப்ப, மேலே தேவைப்பட்டதைப் போல நான்கு மடங்கு காற்று வேண்டும். பயந்துபோன ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு வாங்குவது சாதாரணம். இருவர் என்றால் 80. அதை நான்கால் பெருக்கினால் 320 லிட்டர். கடையில் சோதித்ததைப் போல முப்பது மடங்குக்கும் மேல்! இதுவும் சராசரிதான். நாம் பாதி நேரம்தான் உள்ளே இழுக்கிறோம், இழுக்கும் அந்த நொடியில் தேவைப்படும் ஓட்டம் சராசரியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதையும் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்தான் இருவருக்கும் தர வேண்டும். அதுவும் சிலிண்டர் காலியாகும் நேரத்தில்.

ஏனென்றால் யாருக்காவது காற்று தீர்வது பெரும்பாலும் டைவின் கடைசியில்தான். அப்போது உங்கள் சிலிண்டரும் நிறைந்திருக்காது. பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் வகையில், சிலிண்டர் அழுத்தம் குறையக் குறைய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வெளியே தரும் அழுத்தமும் இறங்கும். 200 பாரில் பிரமாதமாக இருந்த அதே கருவி 60 பாரில் இறுக்கமாகிவிடும். பேலன்ஸ்டு வகையில், உள்ளே இருப்பது பிஸ்டனோ டயாஃப்ரம் என்ற சவ்வோ, சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும் வெளியே வருவது ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான். பெரும்பாலும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் கூடுதலாக இருக்கும்.

பேலன்ஸ் இல்லாதது குப்பை என்று நான் சொல்லவில்லை. பாகங்கள் குறைவு, முரட்டுத்தனமான உழைப்பு, பிரித்து மாட்ட எனக்கு அதைப் போல எளிதானது வேறில்லை. பயிற்சிப் பள்ளிகள் அதை வைத்திருப்பது நியாயமே. 10, 12 மீட்டரில் மீன் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது போதும். ஆனால் 30 மீட்டருக்குப் போகப்போகிறேன் என்று நீங்களே சொல்லிவிட்டு அதை வாங்காதீர்கள்.

சரி, கடையில் இழுத்துப் பார்த்துத் தெரியாது என்றால் எதைப் பார்த்து வாங்குவது? ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பியத் தரம் ஈஎன் 250 என்று இருக்கும். இந்தச் சோதனையில் சிலிண்டர் பக்கம் வெறும் 50 பார் கொடுத்து, 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் வீதம் இயந்திரத்தால் மூச்சுவிட வைப்பார்கள். ஒரு லிட்டர் காற்றுக்கு 3 ஜூலுக்கு மேல் உழைப்பு வாங்கினால் தேறாது. அதாவது சிலிண்டர் காலியாகும் நேரத்தில், ஆழத்தில், மூச்சு வாங்கும் நிலையில் சோதிக்கிறார்கள். 2014-இல் திருத்திய தரத்தில் எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து சேர்ந்திருந்தால், இருவர் ஒரே நேரத்தில் மூச்சுவிடும் நிலையிலும் அது சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைத் தேடுங்கள். பக்கத்தில் '10 டிகிரிக்கு மேல்' என்ற குறி இருந்தால் அது குளிர்ந்த நீருக்கானது அல்ல. காற்று விரியும்போது குளிரும். நீரும் குளிர்ந்திருந்தால் உள்ளே பனி உறைந்து வால்வு திறந்தபடியே நின்றுவிடும். குளிர்ந்த நீரில் டைவ் செய்கிறவர்கள், நீர் உள்ளே புகாதபடி மூடிய டயாஃப்ரம் வகையைப் பாருங்கள்.

இன்னொரு பயத்தையும் போகிற போக்கில் தீர்த்துவிடுகிறேன். "பழுதானால் காற்று நின்றுவிடுமா சார்?" என்று கேட்கிறார்கள். இன்றைய செகண்ட் ஸ்டேஜ்களில் பெரும்பாலானவை, பழுதானால் காற்று நிற்காமல் கொட்டும்படிதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. கொட்டும் காற்றிலிருந்து மூச்சு எடுத்தபடி மேலே வரலாம், அதை வகுப்பிலேயே பழகியிருப்பீர்கள். ஆனால் ஆழத்தில் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும், தாமதிக்கக் கூடாது.

இப்போது ஆக்டோபஸ். என் கோபம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தன் வாயில் வைப்பதற்கு ஆயிரம் யோசனை, ஆக்டோபஸ் என்றதும் "அது சும்மா தொங்கத்தானே போகுது" என்கிறார்கள். அது தொங்குவதே, நீங்கள் போகும் டைவ்களிலேயே மிக மோசமான நிமிடத்துக்காக. அதைக் கடிக்கப்போகிறவர் கடைசி மூச்சை ஏற்கெனவே விட்டுவிட்டு வருகிறவர். அவருக்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதையெல்லாம் புரிந்துகொள்ள நேரமில்லை. முதல் இழுப்பில் காற்று வரவில்லை என்றால் உங்கள் வாயிலிருந்துதான் பிடுங்குவார். அவர் மேல் தவறும் இல்லை.

ஆக்டோபஸைக் கொஞ்சம் இறுக்கமாக வைப்பது வழக்கம்தான், நானும் வைப்பேன். இல்லாவிட்டால் தண்ணீரில் குதித்ததும் அது தானாகக் கொட்ட ஆரம்பிக்கும். ஆனால் கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அப்புறம், வேறு கம்பெனி ஆக்டோபஸை வாங்கி மாட்டுவது. ஒவ்வொரு செகண்ட் ஸ்டேஜும் இத்தனை பார் உள்ளே வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அந்த அழுத்தம் பொருந்தாவிட்டால் ஒன்று கசியும், இல்லை இறுகும். தரச் சோதனையும் முழு செட்டுக்குத்தான் நடக்கிறது. தயவுசெய்து முழு செட்டாகவே வாங்குங்கள். கையில் இருக்கும் தொகை போதாது என்றால் நிறத்தையும் டைட்டானியத்தையும் விட்டுவிடுங்கள், ஆக்டோபஸில் குறைக்காதீர்கள்.

விலை கூடிய ரெகுலேட்டர் காற்றை மிச்சப்படுத்தும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்றைச் செலவழிப்பது உங்கள் மூச்சு. நிதானமாக நீந்தவும் எடையைச் சரியாகக் கட்டவும் பழகினால் மிச்சமாகும். கூஸ்தோவும் கான்யானும் 1943-இல் செய்த கருவியின் அடிப்படைதான் இன்றும் இருக்கிறது: கேட்கும்போது, அந்த ஆழத்தின் அழுத்தத்தில் காற்று தருவது. தரச் சான்று உள்ள ஒரு நடுத்தர பேலன்ஸ்டு செட், பொழுதுபோக்கு டைவருக்குத் தாராளம்.

சிலிண்டரில் மாட்டும் முனையில் குழப்பம் வேண்டாம். சிலிண்டர் வால்வைச் சுற்றிக் கவ்வும் யோக் வகை 232 பார் வரை. வால்வுக்குள் திருகி மாட்டும் டிஐஎன் வகையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் திருகுக்குள் அடங்கியிருப்பதால் எளிதில் பிதுங்கி வராது, 300 பார் சிலிண்டருக்கும் ஏற்ற முனை கிடைக்கும். டிஐஎன் வாங்கி, யோக் அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை வாங்குகிறீர்களா? பளபளப்பைப் பார்க்காதீர்கள். காற்று நுழையும் வாயில் உள்ள ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. அந்த மாடலுக்கு உதிரி பாகம் இன்னும் வருகிறதா என்று, காசு கொடுப்பதற்கு முன்பே, உங்களுக்கு சர்வீஸ் செய்யப்போகிறவரிடம் கேளுங்கள். இடைநிலை அழுத்தத்தை, அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வெளியே தரும் அழுத்தத்தை, அவரையே கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஓர் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நின்ற பிறகு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், உள்ளே வால்வு அமர்ந்து மூடும் சீட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

புதியதோ பழையதோ, உங்கள் மாடலின் கையேடு சொல்லும் கால இடைவெளியில் சர்வீஸுக்குக் கொடுங்கள். "ஆறு மாசமா தண்ணியிலேயே இறக்கலையே" என்பது காரணம் ஆகாது. அலமாரியில் இருந்தாலும் ரப்பர் காய்கிறது. கழுவும்போது காற்று நுழையும் வாயின் டஸ்ட் கேப் இறுக்கமாக மூடியிருக்கட்டும். சிலிண்டரில் மாட்டாமல் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, செகண்ட் ஸ்டேஜின் வால்வைத் திறக்கும் பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள். அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். என் மேசைக்கு வரும் துருவில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாங்கியதும் நீச்சல் குளத்திலோ, ஆழமில்லாத இடத்திலோ இறங்கி, சிலிண்டர் 70 பாருக்கு வந்த பிறகு 10 நிமிடம் ஆக்டோபஸில் மட்டும் மூச்சுவிடுங்கள். தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புரண்டு பாருங்கள், தண்ணீர் உள்ளே வருகிறதா என்று. பிறகு உங்கள் கூட்டாளியிடம் அதைக் கொடுத்து, இருவரும் ஒரே சிலிண்டரில் வேகமாக நீந்துங்கள். இருவருக்கும் தாராளமாக வந்தாலும் அது ஆழமில்லாத தண்ணீர்தான், அந்த 'ஏ' எழுத்தைப் பார்க்கும் வேலை அப்போதும் மிச்சம் இருக்கிறது. அங்கேயே சிரமமாக இருந்தால், ஆழத்துக்குப் போகாமல் அப்படியே சர்வீஸ் மேசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.