வானவில் தேவதையும் மூன்று வருடம் காயும் வேரும்

கிரேக்கப் புராணத்தில் ஐரிஸ், வானவில்லின் தேவதை. தங்கச் சிறகுகளோடு ஒலிம்பஸ் மலைக்கும் பூமிக்கும் இடையே சேதி கொண்டுபோகிறவள். கடவுளர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தால், பாதாள நதியான ஸ்டிக்ஸிலிருந்து தங்கக் குடத்தில் தண்ணீர் மொண்டு வருவதும் அவள்தான். நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை என்று பல நிறங்களில் பூக்கும் ஒரு செடிக்கு அவள் பெயரே அமைந்துவிட்டது. ஆண், பெண் இருவரும் பூசிக்கொள்ளும் மலர் மண சென்ட்களில் அந்தப் பெயரை இன்று நிறையப் பார்க்கலாம். அட்டைப்பெட்டியில் பூவின் படம் இருக்கும். ஆனால் பாட்டிலுக்குள் வாசனை தருவது அந்தப் பூ இல்லை, செடியின் வேர்.

வேர் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். சரியாகச் சொன்னால், இஞ்சியைப் போல மண்ணில் படுக்கையாக வளரும் தண்டு. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரைச் சுற்றியுள்ள டஸ்கனி மலைச்சரிவுகளில் ஐரிஸ் பல்லிடா என்ற வகையை இதற்காகவே பயிரிடுகிறார்கள். (ஃபுளோரன்ஸின் நகரச் சின்னமும் இந்தப் பூதான்.) நட்டு இரண்டு மூன்று வருடம் கழித்து, கோடையில் தோண்டி எடுத்து, சிறு வளைகத்தியால் ஒவ்வொன்றாகத் தோல் சீவி, வெயிலில் காயவைக்கிறார்கள். அப்போது முகர்ந்து பார்த்தால் வெறும் பச்சை மண் வாடைதான். அப்புறம் அதைக் கிடங்கில் மேலும் மூன்று வருடமாவது போட்டு வைக்க வேண்டும்.

அந்த மூன்று வருடத்தில் நடப்பதுதான் இதன் அறிவியல். புது வேரில் இரிடால் என்ற வகைச் சேர்மங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஏறத்தாழ 30 கார்பன் அணுக்கள். இவ்வளவு கனமான மூலக்கூறு காற்றில் ஆவியாகாது. ஆவியாகாத எதையும் மூக்கு அறியாது. கிடங்கில் கிடக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த நீண்ட சங்கிலியை மெல்ல மெல்ல வெட்டுகிறது. வெட்டுப்பட்டு விழும் துண்டுகளில் ஒன்று ஐரோன். 14 கார்பன் அணுக்கள் மட்டுமே கொண்டது, அதனால் எளிதாக ஆவியாகி மூக்கை எட்டுகிறது. வயலட் பூவின் இனிமை, பவுடரின் மென்மை, கொஞ்சம் கேரட், கொஞ்சம் மரம், எல்லாம் கலந்த மணம். உயிருள்ள செடியில் கிட்டத்தட்ட இல்லாத ஒரு வாசனையைக் காற்றும் காலமும் சேர்ந்து செய்து தருவது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது. வேதியியல் தெரியாத காலத்திலேயே கிரேக்கர்களுக்கு இதில் அனுபவம் இருந்தது. தன் கடையில் 20 வருடம் இருந்த ஐரிஸ் தைலம் புதியதைவிட நன்றாக இருந்ததாக ஒரு தைல வியாபாரி சொன்னதை, பண்டைய கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

காய்ந்த வேரைப் பொடித்து நீராவியில் வடித்தால் திரவமாக எண்ணெய் வராது. தேங்காய் எண்ணெயிலும் ஜாதிக்காயிலும் உள்ள மிரிஸ்டிக் அமிலம் ஐரோனோடு சேர்ந்து வந்து, ஆறியதும் உறைந்துவிடுகிறது. இளமஞ்சள் நிறக் கட்டியாக இருப்பதால் தொழிலில் இதை ஐரிஸ் வெண்ணெய் என்கிறார்கள். ஒரு டன் வேருக்கு 2 கிலோ கிடைத்தாலே பெரிது. அதிலும் பெரும்பகுதி மணமில்லாத கொழுப்பு அமிலம்தான். விலை எகிறுவதில் ஆச்சரியமில்லை.

இந்த விலைதான் வேதியியலாளர்களை உள்ளே இழுத்தது. ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் டீமானும் பால் க்ரூகரும் 1893-இல் ஐரோனின் அமைப்பை ஆராய்ந்தபோது, அதில் 13 கார்பன் என்று ஒன்று குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கை நம்பி, சிட்ரால் என்ற பொருளையும் அசிட்டோனையும் சேர்த்து, பிறகு அமிலத்தோடு வினைபுரிய வைத்தார்கள். கிடைத்தது ஐரோன் இல்லை, அயனோன். ஆனால் வயலட் வாசனை அப்படியே இருந்தது. விலையோ மிகவும் குறைவு. இதற்கு வேண்டிய சிட்ரால் எலுமிச்சைப்புல் எண்ணெயில் ஏராளம். கேரளத்தில் விளைந்து கொச்சி வழியே கப்பலேறிய அந்த எண்ணெய்க்கு உலகச் சந்தையில் கொச்சின் எண்ணெய் என்றே பெயர்.

ஐரிஸ் சென்ட் ஆணுக்கா, பெண்ணுக்கா என்ற கேள்விக்கு வேதியியலில் இடமே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஷனெல் நம்பர் 19 என்ற சென்ட் பெண்களுக்கென்று விற்கப்பட்டது. 2005-இல் வந்த டியோர் ஓம் ஆண்களுக்கென்று. இரண்டின் உயிர்நாடியும் ஐரிஸ்தான். சுற்றிலும் எதைச் சேர்க்கிறோம், பாட்டிலை எப்படி வடிவமைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. தேவதாருவும் கஸ்தூரி வெண்டை விதையும் அளவாகச் சேர்ந்தால் ஐரிஸ் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்.

மணம் ஆளுக்கு ஆள் மாறுவது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் வேறு. இத்தகைய சென்ட்களில் ஐரோனோடு அயனோனும் சேர்வது வழக்கம். அயனோனில் ஒரு வகை பீட்டா-அயனோன். அதை உணரும், மூக்கிலுள்ள ஏற்பிக்கான (மணத்தைப் பிடிக்கும் புரதத்துக்கான) மரபணு ஓஆர்5ஏ1. இந்த மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்கள் மிகக் குறைந்த அளவிலேயே பீட்டா-அயனோனைப் பூ வாசனையாக உணர்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்த அளவில் எதுவும் தெரியாது. அளவைக் கூட்டினாலோ புளித்த வினிகர் வாடையாகப் படலாம். இந்த மரபணு இருப்பது பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் அல்ல, 11-ஆவது குரோமோசோமில்.