எண்ணெய் தோலாகும் கதை

"வார்ப்பிரும்புச் சட்டியை எண்ணெய் தடவிப் பழக்கச் சொல்கிறார்களே, அந்த எண்ணெய் இரும்புக்குள் போய் என்ன செய்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது உள்ளே போவதில்லை. மேலேயே தங்கி, வேறொரு பொருளாகிவிடுகிறது.

முதலில் இரும்பைப் பார்த்துவிடுவோம். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். நூற்றுக்கு நாலு பங்கு கார்பன் சேர்ந்தால் 1150 டிகிரி வாக்கிலேயே உருகி அச்சில் பாயும், அதுதான் வார்ப்பிரும்பு. சீனர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இரும்பை வார்த்தார்கள். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்க 1707இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதே கார்பன் உள்ளே கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்கிறது. சட்டி கீழே விழுந்தால் விரிசல் அந்தச் செதில்களைப் பிடித்துக்கொண்டே ஓடும். நெளியாமல் உடைவது அதனால்தான்.

வெப்பத்தைக் கடத்துவதில் இது மந்தம், அலுமினியத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். கனம் அதிகம் என்பதால் ஏறிய சூடு சட்டென்று இறங்காது. எனவே சிறு தீயில் நிதானமாகக் காய விட வேண்டும்.

இனி எண்ணெய். அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்புச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது இரு கார்பன் அணுக்கள் இரட்டையாகப் பிணைந்த இடங்கள், உண்டு. சூட்டில் ஆக்சிஜன் அவற்றின் பக்கத்திலுள்ள கார்பனைத் தாக்குகிறது. அங்கே ஃப்ரீ ராடிக்கல், அதாவது துணையில்லா எலக்ட்ரானுடன் தவிக்கும் துண்டு, பிறந்து அடுத்த சங்கிலியைப் பற்றுகிறது, அது அதற்கடுத்ததை. இரும்பும் இந்த வினையைத் தூண்டிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை, ஒரே பின்னல் வலை! ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் துணியில் இறுகுவதும் இதே வேதியியல்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். நான் முதல்முறை தாராளமாக ஊற்றினேன். மேல்பரப்பு இறுகி, ஆக்சிஜன் எட்டாத அடிப்பகுதி பிசினாகவே நின்றது. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. அதைச் சுரண்டிவிட்டு, துடைத்தெடுத்தாற்போல் தடவிப் புகை அடங்கும்வரை காய வைத்தபோது கறுத்துப் பளபளத்தது.

சோப்பே படக்கூடாது என்பதை நான் ஏற்பதில்லை. பழைய சோப்பில் மிஞ்சிய காரம் (அமிலத்துக்கு எதிரான, அரிக்கும் வேதிப்பொருள்) வலையின் எஸ்டர் பிணைப்புகளை, அதாவது கொழுப்புச் சங்கிலிகளைக் கட்டிவைக்கும் முடிச்சுகளை, அறுத்தது. அன்று அந்த எச்சரிக்கை சரி. இன்றைய பாத்திரத் திரவத்தில் அந்தக் காரம் இல்லை. தயங்காமல் கழுவுங்கள், உடனே ஈரம் போகத் துடையுங்கள். புளிப்பான குழம்பை இரவெல்லாம் அதில் விட்டுவைப்பதுதான் பூச்சுக்கு உண்மையான கேடு.