சட்டைக்குள் மறைந்த கை: கூடி எழுதும் கதையில் ஒரு பாத்திரம் உருவாகும் விதம்

நள்ளிரவு, நல்ல மழை. பாழடைந்த கலங்கரை விளக்கத்துக்குள் வேணி தனியாக இருக்கிறாள். வேணியை எழுதுபவர் ஒருவர், வெளியே வந்து நிற்கும் மாறனை எழுதுபவர் இன்னொருவர். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, முறை வைத்து எழுதிக் கதையை நகர்த்துகிறார்கள். இணையத்தில் இதை ரோல்பிளே என்கிறார்கள். இப்போது மாறனின் முறை. அவர் இப்படி எழுதுகிறார்:

"மாறன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். வேணி அலறிப் பின்வாங்கினாள். ஆனால் அவன் கண்களைப் பார்த்ததும், இவன் நல்லவன்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது."

ஒருவரே எழுதும் சிறுகதையில் இந்த மூன்று வரிகளில் பெரிய குற்றம் ஏதும் இல்லை. ரோல்பிளேயில் எதிரே இருப்பவர் இதைப் படித்ததும் சோர்ந்துபோவார். வேணி அலறுவாளா, கத்தியை எடுப்பாளா, இவனை நம்புவாளா என்பதெல்லாம் அவர் முடிவு செய்யவேண்டியவை. அடுத்தவர் பாத்திரத்தின் செயலையும் மனதையும் நாமே எழுதிவிடுவதற்கு இந்தக் குழுக்களில் 'காட்மாடிங்' என்று பெயர். அது கூடாது என்பது பல குழுக்களின் விதிகளில் முதல் சில வரிகளிலேயே இருக்கும்.

அதை வெறும் மரியாதை விதியாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ரோல்பிளேயின் அடிப்படையையே தொடும் விதியாகத் தெரிகிறது. நாவலாசிரியரின் பாத்திரம் அவர் ஒருவர் மனதில் இருந்தால் போதும். இங்கே மாறன் இரண்டு பேர். ஒருவன், அவனை எழுதுபவரின் மனதில் இருப்பவன். இன்னொருவன், திரையில் வந்த சொற்களை மட்டும் வைத்து வேணியை எழுதுபவர் தன் மனதில் கட்டிக்கொண்டவன். கதையை நகர்த்துவது இந்த இரண்டாவது மாறன்தான், ஏனென்றால் அடுத்த பதிலை எழுதப்போகிறவருக்கு அவனை மட்டும்தான் தெரியும்.

இப்படிக் கட்டிக்கொள்வதில் நம் மூளைக்கு இருக்கும் அவசரம் கொஞ்சநஞ்சமல்ல. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சின்ன அசைவுப்படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறந்து மூடும் பகுதியுள்ள ஒரு செவ்வகம். அவ்வளவுதான் படம். என்ன நடந்தது என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோருமே வடிவங்களை ஆட்களாக்கிக் கதை சொன்னார்கள்: பெரிய முக்கோணம் முரடு, வட்டம் பயந்து ஒளிகிறது, சின்ன முக்கோணம் எதிர்த்து நிற்கிறது. முகமும் பேச்சும் இல்லாத இடத்தில்கூட, அசைவைக் கண்டால் அதற்குப் பின்னால் ஒரு ஆசையையோ பயத்தையோ நாமே வைத்துவிடுகிறோம். ஆகவே மாறன் சோகமானவன் என்று சொல்லத் தேவையில்லை. அவன் ஒன்றைச் செய்யட்டும், மிச்சத்தை எதிரே இருப்பவரின் மூளை பார்த்துக்கொள்ளும்.

அடுத்தவர் மனதில் ஓடுவதை ஊகிக்கும் இந்தத் திறனுக்கு உளவியலில் 'மனக்கோட்பாடு' என்று பெயர். சிம்பன்சிக்கு அது உண்டா என்று கேட்டு டேவிட் பிரிமாக்கும் கய் வுட்ரஃபும் 1978-இல் வெளியிட்ட கட்டுரையால் அந்தச் சொல் பரவியது. அதே 1978-இல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 'மட்' என்ற கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். முழுக்க எழுத்தாலேயே ஆன உலகம் அது. பலர் ஒரே நேரத்தில் அதில் நடமாடலாம். 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய 'டைனிமட்'டில் சண்டையைவிடப் பேச்சும் உலகத்தைக் கட்டுவதும் முக்கியமாயின. அதில் ஒரு முக்காற்புள்ளி வைத்து 'சிரிக்கிறான்' என்ற மாதிரி ஒரு சொல்லைத் தட்டினால், கூட இருப்பவர்கள் திரையில் "மாறன் சிரிக்கிறான்" என்பதுபோல் விழும். தன் பாத்திரத்தைப் படர்க்கையில் எழுதும் பழக்கத்துக்கு அந்தச் சின்ன ஏற்பாடு அருமையான அச்சாக அமைந்தது.

ஆனால் எழுத்தில் ஒரு பெரிய குறை உண்டு. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 0.2 விநாடிதான் இடைவெளி. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வு சொல்வது இது. அவ்வளவு நெருக்கத்தில் முகம் சுளிப்பதும் தெரியும், உடனே திருத்திக்கொள்ளவும் முடியும். ரோல்பிளேயில் பதில் வர மணிக்கணக்காகும், சில சமயம் நாள்கணக்காகும். போதாததற்கு நாம் எழுதியது தெளிவாக இருப்பதாக நமக்கே ஒரு மயக்கம் வேறு. ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் குழுவினரும் 2005-இல் மின்னஞ்சலை வைத்துச் சோதித்தார்கள். தாங்கள் கிண்டலாக எழுதியதா, நிஜமாக எழுதியதா என்பதைப் படிப்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் கண்டுபிடித்தது சுமார் 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வந்துவிடும்! நம் காதுக்குள் ஒலிக்கும் குரல் எதிரே இருப்பவருக்குக் கேட்பதில்லை.

சரி, மாறனின் முதல் பதிவைத் திரும்ப எழுதுவோம்.

"மாறன் கதவை மூன்று முறை தட்டினான். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. இடது கை சட்டைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்காமல் வலது தோளைக் கதவில் சாய்த்துக்கொண்டான். 'வெளிச்சம் தெரிஞ்சுது, அதான் வந்தேன். ரெண்டு வருஷமா இங்கே விளக்கு எரியலையே... நீங்க யாரு?'"

இதில் எதிராளி பிடித்துக்கொள்ள எத்தனை நுனிகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கையில் என்ன? இரண்டு வருடமாக எரியவில்லை என்று இவனுக்கு எப்படித் தெரியும்? தட்டிவிட்டுக் காத்திருக்கிறான், 'நீங்க' என்கிறான், ஆனால் கேள்வி கேட்பதும் அவன்தான். இதையெல்லாம் தந்துவிட்டு, கதவைத் திறக்கும் வேலையை வேணிக்கு விட்டுவிட்டார். அப்புறம் வேணியின் பதில் வருகிறது:

"வேணி கதவைத் திறக்கவில்லை. கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். 'நேத்தும்தான் எரிஞ்சுது. நீ எங்கே இருந்தே?'"

இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்தது, அவள் கையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதுதான். அவளை எழுதுபவருக்குக் கை தெரியும். மூடிய கதவுக்குப் பின்னால் நிற்கும் வேணிக்குத் தெரியாது. எழுதுபவர் அறிந்ததைப் பாத்திரத்துக்குக் கசியவிடுவது 'மெட்டாகேமிங்'. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் யோசிப்பது மனித மூளைக்குச் சிரமமான வேலை, அதனால்தான் அனுபவசாலிகளும் இதில் வழுக்குகிறார்கள். இன்னொன்றும் நடந்திருக்கிறது. நேற்று மாறன் எங்கே இருந்தான் என்று அவனை எழுதுபவர் யோசித்தே இருக்கமாட்டார். இப்போது யோசித்தாக வேண்டும். ஒரு கேள்வியால் மாறனுக்கு ஒரு நேற்று கிடைத்துவிட்டது.

பாத்திரக் குறிப்பு எழுதும்போது பக்கம் பக்கமாக முன்கதை எழுதுவதை நான் சிபாரிசு செய்வதில்லை, காரணம் இதுதான். கண்ணின் நிறம், பாட்டனாரின் வரலாறு எல்லாம் ஊகத்துக்கு உதவுவதில்லை. அவனுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டால் பின்வாங்குவான் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். மிச்சத்தை எதிராளியின் கேள்விகள் நிரப்பும்.

இப்படி நிரப்பப்பட்ட பாத்திரம் ஒரு கட்டத்தில் தானே நடக்கத் தொடங்கும். "நான் ஒன்று நினைத்தேன், அவன் வேறு செய்துவிட்டான்" என்று எழுதுபவர்கள் சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. மார்ஜரி டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 50 புனைவெழுத்தாளர்களிடம் கேட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதம் பேர் ஏதோ ஓர் அளவில் இந்த அனுபவத்தைச் சொன்னார்கள். ஒருவேளை இது பழக்கத்தின் விளைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். ஒரு மனதை ஊகித்து ஊகித்துப் பழகியதும், விடை யோசிக்காமலே வந்து நிற்கிறது, வந்த வழி நமக்குத் தெரிவதில்லை. சைக்கிள் ஓட்டும்போது காலைப் பற்றி நினைக்கிறோமா என்ன?

பாத்திரம் நம்மையும் தொடாமல் விடாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பிரவுனின் குழு, நடிகர்கள் ஸ்கேனருக்குள் படுத்தபடி கேள்விகளுக்குப் பதில் சொல்வதை 2019-இல் ஆராய்ந்தது. பாத்திரமாகப் பதில் சொன்னபோது, 'நான்' என்ற நினைப்போடு தொடர்புள்ள மூளையின் முன்பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. கூடுவிட்டுக் கூடு பாய்வது என்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான படத்தை நான் பார்த்ததில்லை. நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், மெய்நிகர் உலகில் உயரமான உருவம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் கூடுதல் கறாராக நடந்துகொண்டார்கள். பாத்திரத்தின் உணர்ச்சி எழுதுபவருக்குள்ளும், எழுதுபவரின் உணர்ச்சி பாத்திரத்துக்குள்ளும் கசிவதை ரோல்பிளே ஆட்கள் 'பிளீட்' என்கிறார்கள். வேணி மாறனைத் திட்டித் தீர்த்த இரவில், அவனை எழுதுபவருக்கு உண்மையாகவே நெஞ்சு கனக்கலாம். பாத்திரத்துக்கு வெளியே பேச 'ஓ.ஓ.சி.' என்று தனி இடம் வைத்திருப்பது இதற்கும்தான். "திட்டினது வேணிதான், நான் இல்லை. சரியா இருக்கீங்களா?" என்ற ஒரு வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அதைத் தவறாமல் எழுதுபவர்களோடுதான் நீண்ட கதைகள் எழுத முடிகிறது.

நீண்ட கதையில் இன்னொன்றும் நடக்கும். 1986-இல் ஹெர்பர்ட் கிளார்க்கும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, விநோதமான 12 உருவங்களை ஒருவர் விவரிக்க மற்றவர் அடுக்கும்படி செய்தார்கள். ஆறு சுற்று. முதல் சுற்றில் ஓர் உருவத்தைப் புரியவைக்க நீளமான விளக்கம் தேவைப்பட்டது. கடைசிச் சுற்றில் சில சொற்களே போதுமாக இருந்தன. அந்தச் சொற்கள் அந்த ஜோடி சேர்ந்து செய்துகொண்டவை.

கலங்கரை விளக்கத்தில் சில மாதங்கள் ஓடிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறனின் கையில் இருந்தது தீக்காயம் என்று பத்தாவது பதிவில் தெரிந்தது. காயம் ஆறியும் பழக்கம் போகவில்லை. பொய் சொல்லும்போதெல்லாம் கை உள்ளே போகிறது. இன்றைக்கு அவன் எங்கே போயிருந்தான் என்று வேணி கேட்கிறாள். பதிலாக ஒரே வரி வருகிறது: "மாறன் இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்." இப்போது இருவருக்கும் நடுவே கதவு இல்லை. வேணியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.